ஆம்ஸ்டர்டாம் வரைபடத்தில் பச்சை வட்டம்

சவுதியில், தம்மாமில் எங்கள் கம்பெனிக்கு டிக்கெட் போட்டுத் தரும் டிராவல்ஸில் அவர் இருந்தார். ஒல்லியான கடலூர்க்காரர். யார் எந்த ஊருக்குப் போனாலும், பார்க்க வேண்டிய இடங்களை வரைபடத்தில் பச்சை மையால் வட்டம் போட்டுத் தருவார். நான் அக்டோபரில் ஆம்ஸ்டர்டாம் கிளம்பியபோது, "படகுல ஒரு சுத்து போங்க சார். டூலிப் தோட்டத்த மட்டும் விட்றாதீங்க" என்றார்.

தோட்டம் பூட்டிக் கிடந்தது. வசந்த காலத்தில் மட்டும்தான் திறப்பார்களாம். எனக்கிருந்த ஒரே லீவு நாள் பாழ்.

திரும்பியதும் சண்டைக்கே போனேன். "நீங்க அங்க போயிருக்கீங்களா, இல்லையா?"

"பாஸ்போர்ட் கஃபீல் லாக்கர்ல இருக்கு சார். பக்கத்துல பஹ்ரைனுக்குக்கூட அந்த முதலாளி விட்டதில்ல." தலைக்கு மேலே ஒட்டியிருந்த டூலிப் போஸ்டரைக் காட்டினார். "இது பதினோரு வருஷமா பூத்துக்கிட்டேதானே இருக்கு?"

கேலி செய்தாரா, நிஜமாகவே கேட்டாரா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.