நான்கு பேண்டுக்கும் வாசித்தவர்

எபினேசருக்கு ஐம்பத்தெட்டு வயது. கோயமுத்தூரில் ஒரு பம்பு கம்பெனியில் மோட்டார்களைச் சோதித்து அனுப்புவது பிழைப்பு. பேஸ் கிட்டார்தான் உயிர். ஒரு காலத்தில் ஊரில் காது கிழிய ஹார்ட் ராக் வாசித்த பேண்டுகள் நான்கு இருந்தன: மில் சைரன், பிளாக் காட்டன், ஸ்டீல் காலனி, ரெட் சாயில். நான்கிலும் வாசித்த ஒரே ஆள் இவர்தான். லீட் கிட்டாருக்கு அடிதடி நடக்கும். பேஸ் வாசிக்க மட்டும் நாதியிருக்காது. எவன் கூப்பிட்டாலும் மனுஷன் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். வேண்டாம் என்று சொல்லத் தெரியாத பிறவி.

போன மாதம் மில் சைரன் வின்ஸ்டன் பழைய ஆட்களைத் திரட்டி ஒரு சூப்பர் குரூப் ஆரம்பித்தார். டிசம்பரில் ஒரே ஒரு கச்சேரி. பழைய சண்டை கிளம்பாமலிருக்க, பேண்டுக்கு ஓர் ஆள் என்று முடிவு. செய்தி காதில் விழுந்த அன்றே எபினேசர் பேஸுக்குப் புதுக் கம்பி மாற்றினார். நாலு பேண்டிலும் இருந்தவனை விட்டுவிட்டு வேறு யாரைக் கூப்பிடப் போகிறார்கள்? இரண்டு வாரம் போன் வரவில்லை. மூன்றாவது சனிக்கிழமை மதியம் அவராகவே பேஸைத் தூக்கிக்கொண்டு கிணத்துக்கடவுக்குப் போனார். அங்கே, பிளாக் காட்டன் டிரம்மர் அங்கப்பனின் தேங்காய்க் குடோனில்தான் ரிகர்சல்.

உள்ளே ஜெரோம் பேஸைப் பிடித்துக்கொண்டு நின்றார். ரெட் சாயிலைத் தவிர வேறெதிலும் வாசிக்காதவர்.

"ஏனுங்க எபினேசரு, நீங்க மில் சைரன் ஆளா வந்துருவீங்கன்னு நெனச்சுப்போட்டோமுங்க," என்றார் அங்கப்பன்.

வின்ஸ்டன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "மில் சைரனுக்கு நானே இருக்கறனே எபி. உங்களை பிளாக் காட்டன்ல போடுவாங்கன்னு இருந்தேன்."

ஆளாளுக்கு அடுத்த வீட்டுப் பிள்ளை என்று நினைத்துவிட்டார்கள். யார் மேலும் குற்றமில்லை. அதனால் கோபப்படக்கூட வழியில்லாமல் போயிற்று.

"வந்தது வந்துட்டீங்க," என்றார் வின்ஸ்டன். "ஜெரோமுக்கு மத்த மூணு பேண்டு பாட்டும் தெரியாது. கொஞ்சம் வாசிச்சுக் காட்டிருங்க."

எபினேசர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஒன்பது பாட்டு வாசித்தார். ஜெரோம் செல்போனில் அவருடைய விரல்களை மட்டும் படமெடுத்துக்கொண்டார். இத்தனை வருஷத்தில் அவ்வளவு சுத்தமாக எபினேசர் வாசித்ததே இல்லை.

வாசல் வரை வந்த வின்ஸ்டன் குரலைத் தாழ்த்தினார். "கச்சேரியன்னிக்கு ஊர்லயே இருங்க எபி. ஜெரோமுக்குச் சர்க்கரை முந்நூறுக்கு மேல நிக்குது, கால்ல புண்ணு வேற. ஏதாச்சும் ஆச்சுன்னா நீங்கதான்."

"சரிங்க," என்றார் எபினேசர். வீட்டுக்கு வந்து மனைவி கிளாடிஸிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

மறுநாள் சபையில் நோயாளிகளுக்காக ஜெபிக்கும் நேரம். போதகர் பெயர்களைக் கேட்டார். யாரோ மாமியார் பெயரைச் சொன்னார்கள், யாரோ பேரன் பெயரை. கிளாடிஸ் முழங்கையால் இடித்தாள்.

"ஜெரோம் அண்ணன் பேரைச் சொல்லுங்க."

எபினேசர் வாயைத் திறந்தார். நேற்றிலிருந்து தன் மனம் எதை வேண்டிக்கொண்டிருக்கிறது என்பது அப்போதுதான் அவருக்கே உறைத்தது. வெட்கத்தில் உடம்பு கூசியது. அப்படியும் அந்தப் பெயர் வெளியே வரவில்லை. போதகர் ஆமென் சொல்லி முடித்துவிட்டார்.