முப்பது இஞ்ச் புல்வெட்டி

எங்கள் வீட்டில் பதினோரு வருடமாகப் புல் வெட்டுகிற மனிதருக்கு இப்போது வலது காலில் மூன்று விரல்கள்தான். பெருவிரலும் அதற்கு அடுத்ததும் போய்விட்டன. காரணம் நான். இதுவரை யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டுத் தொலைத்திருந்தால்கூடத் தேவலை என்று இருக்கிறது. அவருடைய மலைக்கிராமமான வடகவுஞ்சியில் அவருக்கு அடுக்கடுக்காக ஏறுகிற பூண்டு வயல் உண்டு. பெருவிரல் இல்லாமல் அந்த வரப்புகளில் ஏறி இறங்க அவருக்கு முடியுமா முடியாதா என்பதுதான் இந்த நாலு மாதமாக என் மண்டையைக் குடைந்துகொண்டிருந்த விஷயம்.

எல்லாம் ஒரு விருந்தாளியால் ஆரம்பித்தது. கொடைக்கானலில் ஏரியிலிருந்து கொஞ்சம் மேலே ஏறினால் எங்கள் வீடு. மூன்று அறைகளை வாடகைக்கு விடுகிறோம். முன்னால் நாற்பது சென்ட்டுக்குப் புல்தரை. மழைக்காலத்தில் அந்தப் புல் வளர்கிற வேகத்தைப் பார்த்தால் வயிறு எரியும். பதினெட்டு இஞ்ச் மெஷினை வைத்துக்கொண்டு அவர் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் போய் முடிக்க ஒன்றரை நாள் ஆகும். முடிப்பதற்குள் ஆரம்பித்த இடம் மறுபடி தலையைத் தூக்கியிருக்கும். போன ஆகஸ்டில் தங்கிப்போன ஒரு புண்ணியவான், 'அறை நன்று, புல்தான் முழங்கால் உயரம்' என்று இன்டர்நெட்டில் எழுதிவிட்டார். முழங்காலாம்! அவருடைய முழங்கால் கணுக்காலிலேயே இருக்கிறதா என்று பதில் எழுதப் போனேன். என் மனைவி போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், அகலமான மெஷின் வாங்குவதென்று. எனக்கு ஒன்று தோன்றிவிட்டால் அப்புறம் சோறு இறங்காது. மறுநாள் வெள்ளனே அவரையும் ஏற்றிக்கொண்டு ஒரு பிக்கப்பில் மலையிறங்கினோம். அவரை எதற்குக் கூட்டிப்போனேன் என்று இப்போது யோசிக்கிறேன். யோசனை கேட்க இல்லை, தூக்கி வைக்க.

கடையில் இரண்டு மெஷின்கள் எங்களுக்குத் தோதாக இருந்தன. ஒன்று இருபத்தொரு இஞ்ச், கைக்கு அடக்கமானது. இன்னொன்று முப்பது இஞ்ச், சிவப்பு நிறம், சக்கரத்துக்கும் எஞ்சின் உண்டு, நாம் பின்னால் நடந்தால் போதும். கடைக்காரப் பையனுக்கு நான் எதைப் பார்த்து வாயைப் பிளக்கிறேன் என்று தெரிந்துவிட்டது. "இதான் சார் உங்களுக்கு. பாதி நேரத்துல முடிச்சிரலாம்" என்றான். கைப்பிடியில் இருந்த இரண்டு கம்பிகளைக் காட்டினான்.

"இந்த ரெண்டையும் கைப்பிடியோட சேத்து அமுக்கிப் பிடிச்சாத்தான் ஓடும் சார். ஒண்ணு பிளேடுக்கு, ஒண்ணு சக்கரத்துக்கு. கைய விட்டா ரெண்டும் நின்னுரும். சேஃப்டி."

நான் தலையாட்டிக்கொண்டே அந்தச் சிவப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்தான் குனிந்து, கம்பியை அமுக்கி, விட்டு, மறுபடி அமுக்கிப் பார்த்தார். பிறகு என் பக்கம் வந்து மெதுவாகச் சொன்னார்.

"சார், இருபத்தொண்ணே போதும்ங்க. நம்ம தரை மேடும் பள்ளமுமால்ல கெடக்கு. இம்புட்டு அகலம்னா மேட்டச் செரைச்சுப்புடும், பள்ளத்த விட்டுரும். எறக்கத்துல வேற கனம் இழுத்துட்டுப் போயிரும்."

சொன்னது அத்தனையும் உண்மை. பதினோரு வருடம் அந்தத் தரையை நடந்தே அளந்தவர் அவர். எனக்கோ கடைக்காரன் முன்னால் மானம் போன மாதிரி இருந்தது. "மெஷின் வாங்கப்போறது நீயாய்யா, நானாய்யா?" என்று கத்தினேன். கடையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"நீங்கதான் சார்" என்றார்.

மலையேறி வருகிற வழியில், பாதித் தூரத்தில், ஒரே ஒரு தடவை கேட்டார். "கேட்டுல நுழையுமாங்க சார்?" நான் அவரை முறைத்த முறைப்பில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நுழையவில்லை. எங்கள் பக்கத்தில் காட்டுமாடுகள் சாயங்காலமானால் ரோட்டில் உலாத்தும். உள்ளே வந்து புல் மேயக் கூடாதென்று கேட்டை ஓர் ஆள் நுழைகிற அகலத்துக்குத்தான் வைத்திருக்கிறோம். வைத்ததே நான்தான். இருபத்தெட்டு இஞ்ச். நான் நாற்பது சென்ட் தரைக்குக் கணக்குப் போட்டேனே தவிர என் வீட்டுக் கேட்டை அளக்கவில்லை. மெஷின் கேட்டுக்கு வெளியே நிற்கிறது, நான் டேப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். என் மனைவி வாசலில் நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"பொண்ணப் பாத்துட்டு வந்த மாப்பிள்ள, வீட்டு வாசலப் பாக்கலையாக்கும்!"

"மொதல்லயே அளந்திருந்தா..." என்று அவர் இழுத்தார். அவ்வளவுதான். மனைவி மேல் வந்த ஆத்திரத்தையும் சேர்த்து அவர் மேல் கொட்டினேன். என்னென்ன சொன்னேன் என்று எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. கடைசியில் காரட் ஏற்றிப்போன ஜீப்பிலிருந்து நாலு பேரை இறக்கி, மெஷினைச் சுவருக்கு மேலாகத் தூக்கி உள்ளே வைத்தோம். தூக்கியவர்களில் ஒருவர் அவர்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. நாங்கள் பழனி அடிவாரத்துக்காரர்கள். எங்கள் குடும்பத்தில் சைக்கிள் வாங்கினாலும் மிக்ஸி வாங்கினாலும் பூசை போடாமல் தொடமாட்டோம். காலையில் மெஷினைத் துடைத்து, விபூதிப் பட்டை இழுத்து, சந்தனம் குங்குமம் வைத்தேன். நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம். செவ்வந்தி மாலை ஒன்று, நல்ல பெரிய மாலை, பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் வாங்கியது. மலைக்காற்று அன்றைக்கு விசிறி அடித்தது. மாலை பறந்துவிடக் கூடாதே என்று கைப்பிடியில் நாலு சுற்றுச் சுற்றி இழுத்துக் கட்டினேன். நானே, என் கையால்.

அவர் கம்பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்து நின்றார். "சாமி கும்பிடுற எடத்துல பூட்ஸாய்யா?" என்றேன். கழற்றி ஓரமாக வைத்தார். தேங்காய் உடைத்தேன், கற்பூரம் காட்டினேன். அவர் கைப்பிடியையே பார்த்துக்கொண்டு நின்றது எனக்கு ஞாபகம் இருக்கிறது. பக்தி என்று நினைத்துக்கொண்டேன். என் மனைவி கன்னத்தில் போட்டுக்கொண்டு, மதியச் சமையலுக்குப் பட்டர் பீன்ஸ் பறிக்கப் போனாள். புல்தரை சரிந்துபோய் ஒரு கல்கட்டில் முடியும். கட்டுக்குக் கீழே, இடுப்பளவுப் பள்ளத்தில், எங்கள் பீன்ஸ் பாத்தி.

"நல்ல நேரம் முடிய அஞ்சு நிமிசம்தான் இருக்கு. வெரசா ஸ்டார்ட் பண்ணுய்யா" என்றேன். அவர் பூட்ஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வெறுங்காலோடு போய்க் கயிற்றை இழுத்தார்.

மெஷின் தானாகப் போயிற்று. கைப்பிடியில் யாரும் இல்லை. எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு, மாலையோடு, பிளேடு சுற்றிக்கொண்டு, சரிவில் அது பாட்டுக்கு இறங்கியது. எனக்கு ஒன்றுமே புரியவில்லை. கையை விட்டால் நிற்கும் என்றானே பாவி, நிற்கவில்லையே என்று மட்டும் ஓடியது. அப்போதுதான் கட்டுக்குக் கீழே என் மனைவியின் தலை தெரிந்தது. குனிந்து பறித்துக்கொண்டிருந்தாள்.

அவர் ஓடினார். கட்டு விளிம்புக்கு ரெண்டடி இருக்கும்போது கைப்பிடியைப் பிடித்துவிட்டார். பிடித்துப் பின்னால் சாய்ந்தார். புல் பனியில் நனைந்திருந்தது, வெறுங்கால், வழுக்கியது. உட்கார்ந்த வாக்கில் சறுக்கி, அவர் வலது கால் மெஷினுக்கு அடியில் போயிற்று. எஞ்சின் சத்தம் ஒரு நொடி மாறியது. அந்த மாற்றத்தைப் பற்றி நான் யாரிடமும் பேசியதில்லை.

நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? கற்பூரத் தட்டு கையில் எரிந்துகொண்டிருந்தது. அதை எங்கே வைப்பது என்று இடம் தேடினேன். ஒரு மனுஷன் கால் போய்க்கொண்டிருக்கிறது, நான் தட்டு வைக்க இடம் தேடினேன். இதை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே காறித் துப்பலாம் போல இருக்கிறது.

ஓடிப்போய்க் கம்பிகளைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. அப்புறம்தான் பார்த்தேன், மாலையை. காற்றுக்குப் பயந்து நான் இறுக்கிய நாலு சுற்றும் இரண்டு கம்பிகளையும் கைப்பிடியோடு சேர்த்து அமுக்கி வைத்திருந்தன. வாழைநாராக இருந்தால் பிய்ந்திருக்கும். இப்போது எல்லாம் நைலான் நூல். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு மெஷினைப் பிடித்துத் தொங்குகிறார், நான் ஒவ்வொரு சுற்றாக அவிழ்க்கிறேன். நாலாவது சுற்றில் நின்றது. பீன்ஸ் கூடையோடு என் மனைவி நிமிர்ந்து, "என்னங்க சத்தம்?" என்றாள்.

அப்புறம் ஆஸ்பத்திரி, அங்கிருந்து மலைக்குக் கீழே பெரிய ஆஸ்பத்திரி. காலைக் காப்பாற்றிவிட்டார்கள், இரண்டு விரல்களைக் காப்பாற்ற முடியவில்லை. திரும்பி வந்த அன்று நான் செய்த முதல் காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். புல்லில் கிடந்த மாலையை எடுத்து வெந்நீர் அடுப்பில் போட்டு எரித்தேன். யாரும் பார்க்கவில்லை. ஊர் முழுக்க, மெஷின் கோளாறு என்றார்கள். என் மனைவி, "பூசை போட்டதாலதான் இத்தோட போச்சு" என்று தினமும் விளக்கேற்றினாள். நான் வாயை மூடிக்கொண்டு அவள் பக்கத்தில் நின்று கும்பிட்டேன்.

ஆஸ்பத்திரிச் செலவு, வீட்டுச் செலவு எல்லாம் பார்த்துக்கொண்டேன். பார்க்கப் பார்க்க அவர் வீட்டுக்காரம்மா என்னைத் தெய்வமாக்கிக் கும்பிட்டது. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. போன வாரம் ஒரு நாள் காலையில் பஸ் ஏறி வடகவுஞ்சி போனேன், சொல்லிவிடுவதென்று.

அவர் வாசலில் சாக்கை விரித்துப் பூண்டு தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனார். கால் தடுமாறி, சுவரைப் பிடித்தார். "உக்காருய்யா, உக்காரு" என்று நானும் சாக்கு ஓரத்தில் உட்கார்ந்தேன். வீட்டுக்காரம்மா கடுங்காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனது.

"வயலுக்குப் போறியா?"

"மேல் அடுக்குக்கு ஏற முடியலீங்க. கீழதான் சோலி பாக்குறேன். மேல குத்தகைக்கு விட்டாச்சு."

சுற்றி வளைக்காமல் சொன்னேன். "மெஷின் கோளாறு இல்லய்யா. நான் கட்டுன மாலைதான். கம்பியோட சேத்துச் சுத்திட்டேன். அதான் நிக்கல. நாலு மாசமா மறைச்சு வச்சிருந்தேன்."

அவர் பூண்டு தேய்ப்பதை நிறுத்தவில்லை. "தெரியும்ங்க சார்."

"என்ன தெரியும்?"

"நீங்க சுத்தும்போதே பாத்தேன். கம்பி ரெண்டும் அமுங்கிக் கெடந்துச்சு. கடையில அந்தப் பையன் சொன்னது நெனப்பு இருந்துச்சு."

"அடப்பாவி மனுஷா! அப்புறம் ஏய்யா சொல்லல? சாமி மாலைய அவுக்கக் கூடாதுன்னா?"

"சாமி என்னங்க சொல்லப்போவுது" என்று சிரித்தார். கேலி இல்லை, சும்மா சிரித்தார். "கடையில ஒண்ணு சொன்னேன், கோவிச்சுக்கிட்டீங்க. கேட்டு வாசல்ல ஒண்ணு சொன்னேன், அதுக்கும் கோவிச்சுக்கிட்டீங்க. நல்ல நாளும் அதுவுமா மறுக்காவும் எதுக்கு, ஓடும்போது பிடிச்சுக்கிருவோம்னு விட்டுட்டேன்."

சொல்லிவிட்டு, காப்பி ஆறுகிறது, குடிங்க சார் என்றார். எனக்குக் கோபம் வருமே என்று பயந்து ஒரு மனிதர் ஓடுகிற பிளேடைப் பிடிக்கலாம் என்று நினைத்திருக்கிறார். காப்பியை எடுத்தேன். வாயில் வைப்பதற்குள் டம்ளர் சாய்ந்து வேட்டியெல்லாம் கொட்டியது. "பாத்துங்க சார், சுட்டுரப்போவுது" என்று பதறி, தோளில் கிடந்த துண்டை எடுத்து அவரே துடைத்துவிட்டார்.