கயிறு பிடித்த கை

தூத்துக்குடிக் கரையில் சங்கு குளிக்கப் போகிறவனுக்கு, மேலே வள்ளத்தில் இருந்து கயிறு பிடிப்பவர் பெரும்பாலும் அவன் மச்சான்தான். தன் தங்கை தாலியறுக்க எந்த அண்ணன் சம்மதிப்பான்? எனக்கும் என் மனைவியின் அண்ணன்தான் பிடித்தார். எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள், அடியில் மூச்சு முட்டி, இடுப்பில் கட்டியிருந்த கயிற்றை இழுத்தேன். மேலே இருந்து தூக்கவில்லை. மறுபடி இழுத்தேன். அதற்குப் பிறகு என்ன நடந்ததென்று எனக்குத் தெரியாது. நினைவு வந்தபோது கரை மணலில் உட்கார்ந்திருந்தேன். மச்சானைப் பாயில் கிடத்தியிருந்தார்கள்.

எங்கள் வள்ளத்தில் நாங்கள் இருவர்தான். பக்கத்து வள்ளத்துக்காரர்கள் வந்து பார்த்தபோது அவர் குப்புற விழுந்து கிடந்தாராம், கயிறு தனியாகக் கிடந்ததாம், நான் வாயைத் திறந்துகொண்டு அவர் பக்கத்தில் இருந்தேனாம். நெஞ்சடைப்பு என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஊர் கேட்குமா? "ஏலே, ஒம் மச்சான் தண்ணியப் போட்டுட்டுக் கயித்த விட்டுட்டாம்லா" என்று என்னிடமே வந்து சொன்னான் ஒருவன். அவனை அடித்தேன். அடித்ததுதான் மிச்சம், இல்லை என்று சொல்ல என்னிடம் என்ன இருந்தது?

என் மனைவி அண்ணனுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. கல்லறைத் திருநாளுக்கு மற்றப் பெண்கள் மெழுகுதிரியோடு போனபோது, இவள் வீட்டில் மீன் கழுவினாள். என்னை மட்டும் கேட்பாள்: "எங்கண்ணன் கயித்த விட்டாரா? அத மட்டும் சொல்லுங்க."

"தெரியலை, ஏளா, தெரியலை" என்பேன்.

கடலை விட்டுத் துறைமுகத்தில் மூட்டை வேலைக்குப் போனேன். அங்கேயும் திடீர் திடீரென்று காணாமல் போவேன். உடம்பு நிற்கும், நான் இருக்க மாட்டேன். சத்தமெல்லாம் தூரமாகும், பேசுகிறவர்களின் வாய் மட்டும் அசையும். இடுப்பில் கயிறு இறுகும். அரைஞாணைக்கூட அறுத்தெறிந்தேன், இறுக்கம் போகவில்லை. ஒருநாள் கிரேனில் தொங்கிய சுமைக்கு நேர் கீழே அப்படி நின்றுவிட்டேன். நாலு பேர் இழுத்துப் போட்டார்கள். வீட்டில் பேய் என்று மந்திரித்தார்கள். கடைசியில் பாளையங்கோட்டையில் ஒரு டாக்டரிடம் போனேன். எங்கள் பக்கத்து நாசரேத் ஊர்க்காரர், கல்கத்தாவில் மனநோய் வைத்தியம் படித்தவர்.

மாத்திரை இல்லை, ஊசி இல்லை. கட்டிலில் மல்லாக்கப் படுத்து, மனதில் வருவதையெல்லாம் சொல்ல வேண்டும். அவர் தலைமாட்டில், என் கண்ணுக்குப் படாமல், நாற்காலியில் இருப்பார். பேச மாட்டார். வாராவாரம் இவ்வளவு தூரம் பஸ்ஸில் வருவது இதற்குத்தானா என்று எரிச்சல் எரிச்சலாக வரும். மேஸ்திரியைத் திட்டினேன், மழையைத் திட்டினேன், மச்சானைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை.

மாதக்கணக்கில் இப்படிப் போனது. ஒரு நாள் "டாக்டர்" என்றேன். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். இல்லை. மூச்சு முட்டியது. துள்ளி எழுந்து திரும்பினால், மனுஷன் சும்மா உட்கார்ந்திருக்கிறார்!

"கூப்பிட்டா பதில் வரணும்லா! மேல ஆளு இருக்கா, செத்தாச்சான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று கத்தினேன்.

"இருக்கேன்" என்றார் டாக்டர். பிறகு, "மேல யாரைக் கூப்பிட்டீங்க?" என்று கேட்டார்.

மறுபடி படுத்தேன். சத்தங்கள் தூரமாகத் தொடங்கின. அவர் குரல் மட்டும் இந்தத் தடவை கூடவே வந்தது. "உங்க விரல் எதையோ அவுக்குதே. என்னது அது?"

பார்த்தேன். என் விரல்கள் காற்றில் எதையோ நெம்பிக்கொண்டிருந்தன. அப்போது அந்த வள்ளம் தெரிந்தது. மச்சானின் கை தெரிந்தது.

அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததுமே மனைவியிடம் சொன்னேன். "அவரு கயித்த விடலை. மணிக்கட்டுல சுத்தியிருந்தாரு. அதப் பிடிச்சுத்தான் ஏறி வந்தேன்."

அவள் எழுந்து நின்றாள். கயிறு பிடிப்பவர்கள் அதைக் கையில் சுற்றிக்கொள்ளவே மாட்டார்கள்; கீழே இருப்பவனோடு தாங்களும் போய்விடுவார்கள். அவளுக்கு அது தெரியும். நெஞ்சு வலித்ததும் சுற்றியிருக்கிறார், பாவி மனுஷன்.

"பெறகு எப்படித் தனியாக் கெடந்துச்சு?"

"நாந்தான் அவுத்தேன்."

"ஏன் அவுத்தீங்க?"

"தோலு பிஞ்சிருந்துது. வலிக்குமேன்னு நெனச்சேன்."

அவள் என் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு "எங்கண்ணே" என்று தெருவே கேட்கக் கத்தினாள். அவர் செத்து மூன்று வருஷம் கழித்து, அன்றைக்குத்தான் எங்கள் வீட்டில் அவருக்காக அழுகைச் சத்தம் கேட்டது.