பதினேழாம் எண் குழாய்

என் எழுத்துமேஜையில் பதினான்கு ஆண்டுகள் ஓர் இரும்புக் குழாய்த் துண்டு நின்றிருந்தது. அரைச் சாண் உயரம். நடுவில் இரண்டு குழாய்களை ஒன்றாக்கிய பற்றவைப்பு, விரால் மீனின் செதில்களை அடுக்கியதுபோல் ஒரே சீராகச் சுற்றி ஓடும். அதற்குப் பக்கத்தில் 17 என்ற எண் அடித்துப் பதித்திருக்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் தூக்கிப் பார்த்து, காகிதம் பறக்காமல் இருக்க நல்ல கனம் என்பார்கள். நானும் ஆமாம் என்பேன். அது என்னிடம் எப்படி வந்தது என்று யாருக்கும் சொன்னதில்லை. எனக்கு எழுபத்தைந்து வயதாகிறது. இப்போதாவது சொல்லிவிட வேண்டும்.

சேதராப்பட்டில் ரசாயனத் தொட்டிகள் செய்யும் ஒரு தொழிற்சாலைக்கு நான் மேலாளராக இருந்தேன். பற்றவைக்கிற ஒவ்வொருவருக்கும் அங்கே ஓர் எண் உண்டு. முடித்த இணைப்பின் பக்கத்தில் அவரவர் எண்ணை அடித்துவிட வேண்டும். எக்ஸ்ரே படத்தில் குறை தெரிந்தால் யாருடைய கை என்று தேட வேண்டியதில்லை. பதினேழாம் எண்காரரின் வேலை ஒருமுறைகூடத் திரும்பி வந்ததாக எனக்கு நினைவில்லை. ஆர்கான் வெல்டிங்கில் அவர் கைக்கு நிகரான கை எங்களிடம் இல்லை. ஆனால் சம்பளப் பதிவேட்டில் அவர் ஹெல்பர். அவர் மட்டுமல்ல, பற்றவைத்த அத்தனை பேரும் ஹெல்பர்கள்தான். வெல்டர் என்று எழுதினால் வெல்டருக்குரிய சம்பளம் கொடுக்க வேண்டும் என்பதால் முதலாளி வைத்திருந்த வழக்கம் அது. மாதந்தோறும் அந்தப் பதிவேட்டின் அடியில் கையெழுத்துப் போட்டவன் நான்.

அவர் வளைகுடாவுக்குப் போகப்போகிற செய்தி டீ நேரத்தில்தான் என் காதில் விழுந்தது. "எங்க தாத்தா சொல்தாவா பிரெஞ்சுப் பட்டாளத்துல சேந்திருந்தா நான் இந்நேரம் பாரீசுல குந்திக்கினு இருப்பேன். அவரு மாடு மேச்சாரு. அதான் நான் பாலைவனத்துக்குப் போறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். "மாடு மேச்சதுக்கும் பிரெஞ்சுக்காரன் எதுனா பென்ஷன் குடுக்கறானான்னு கேட்டுப் பாருய்யா" என்றார் கட்டர் ஓட்டுகிறவர். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. குழாய் இணைப்பு ஒவ்வொன்றையும் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கிற பெரிய வேலை ஒன்று அப்போதுதான் கைக்கு வந்திருந்தது. அவர் இல்லாமல் அதை முடிக்க முடியாது.

மறுநாள் என் அறைக்கு வந்தார். கையில் அந்தக் குழாய்த் துண்டு. ஏஜென்ட் அனுபவச் சான்றிதழ் கேட்கிறான் என்றார். "வெல்டர்னு ஒரு வரி எழுதிக் குடுங்க சார். வெல்டர் விசான்னா சம்பளமே வேற. அங்க எல்லாமே அந்தப் பேப்பர்ல இருக்கறதுதானாம்." பிறகு குழாயை என் முன்னால் நிறுத்தி வைத்தார். "நம்ம கையி எப்பிடின்னு உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் ஒரு மாதிரி கொண்டாந்தேன்."

நான் நல்ல ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதினேன். ஒழுக்கமானவர், நேரம் தவறாதவர், எங்களிடம் ஒன்பது ஆண்டுகள் ஹெல்பராகப் பணிபுரிந்தார். அவர் எட்டாவதுவரை படித்தவர். அந்த ஆங்கிலத்தை அவரால் வாசிக்க முடியாது. தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "ரொம்ப நன்றிங்க சார்" என்றார். குழாயை மேஜையிலேயே விட்டுப் போனார்.

பதிவேட்டில் இருப்பதைத்தானே எழுத முடியும் என்று எனக்கு நானே பல வருடம் சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி இன்னும் கேவலமானது. ஹெல்பர் என்ற தாளைப் பார்த்து ஏஜென்ட் வேண்டாம் என்பான், திங்கட்கிழமை இவர் மறுபடி வேலைக்கு வந்து நிற்பார் என்று கணக்குப் போட்டேன். அவர் வரவில்லை. மனைவியின் சங்கிலியை விற்று ஏஜென்டிடம் முன்பே கொடுத்திருந்தார். அதைத் திருப்பித் தர மாட்டேன் என்ற ஏஜென்ட், ஹெல்பர் விசாவில் போ, அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லி ஏற்றி அனுப்பிவிட்டான். அவரைப் பிடித்து வைக்க நான் எழுதிய தாளே அவரைக் கீழே தள்ளி அனுப்பியது.

மூன்று வருடம் கழித்து அவர் திரும்பி வந்ததைக் கேள்விப்பட்டேன். கண் சரியில்லை என்றார்கள். போய்ப் பார்க்கவில்லை. நான் ஓய்வுபெற்றபோது குழாயையும் வீட்டுக்கு எடுத்து வந்தேன். அதை ஏன் அங்கேயே விட்டுவிட்டு வரவில்லை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

சென்ற மாதம் முதலியார்பேட்டையில் எங்கள் தெருவில் இருக்கும், குழாய் பொருத்துகிற ஒரு பிட்டர், வெளிநாட்டு வேலை ஒப்பந்தம் ஒன்றைப் படித்துச் சொல்லக் கேட்டு வந்தார். சம்பளத்தைப் பார்க்கும் முன் வேலையின் பெயரைப் பார்த்தேன். ஹெல்பர் என்றிருந்தது. கையெழுத்துப் போடாதீர்கள், பிட்டர் என்று மாற்றித் தந்தால் மட்டும் போங்கள் என்றேன். நான்கைந்து முறை சொல்லியிருப்பேன் போல. "சார், வாடகை, சாப்பாடு, பாஸ்போர்ட்டு யார் கையில இருக்கும், அதையெல்லாம் உட்டுட்டு இது ஒண்ணையே சொல்றீங்களே?" என்று கேட்டார். மறுநாள் காலை குழாயைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு ஆட்டோவில் நோணாங்குப்பம் போனேன். அது பதினேழாம் எண்காரரின் மனைவி ஊர்; திரும்பி வந்தபின் அவர் அங்கேதான் இருக்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

படகுச் சவாரிக்கு வருகிறவர்களின் வண்டிகளுக்கு அவர் நிறுத்தச் சீட்டுக் கிழித்துக்கொண்டிருந்தார். கறுப்புக் கண்ணாடி. என் குரலை வைத்துத்தான் அடையாளம் கண்டார். "சாரா? வாங்க, வெயில்ல நிக்காதீங்க" என்று தான் உட்கார்ந்திருந்த ஸ்டூலைத் தள்ளினார். நான் நின்றுகொண்டே சொன்னேன். எழுதியது என்ன, ஏன் எழுதினேன், இரண்டையும் சொன்னேன்.

"தெரியும் சார்" என்றார். "எழுதுனது என்னான்னு ஏஜென்ட்டு அன்னிக்கே படிச்சிக் காட்டிட்டான். ஏன்னுதான் தெரியாம இருந்துச்சு."

ஒரு காருக்குச் சீட்டுக் கொடுத்துவிட்டு வந்து மெதுவாகச் சொன்னார். வேலை என்னவோ அங்கேயும் வெல்டிங்தான், சம்பளம் மட்டும் பாதி. தோல் கையுறையும் நல்ல முகக் கவசமும் வெல்டர் கார்டு உள்ளவர்களுக்குத்தான் ஸ்டோரில் கிடைக்கும். ஹெல்பருக்கு நூல் கையுறை. யாரோ கழித்துப் போட்ட விரிசல் விட்ட கவசக் கண்ணாடியை வைத்துக்கொண்டு, தொட்டிக்குள் இறங்கி மூன்று வருடம் பற்றவைத்திருக்கிறார். "அது கூடப் பரவால்ல சார். நான் போட்ட ஜாயின்ட்டுல வேற ஒருத்தன் நம்பர அடிப்பானுங்க. எனக்குத்தான் நம்பரே கெடையாதே."

குழாயை எடுத்துக் கொடுத்தேன். அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை. சுண்டுவிரலை உள்ளே விட்டு இணைப்பின் உட்புறத்தைச் சுற்றித் தடவினார். பிறகு கட்டைவிரல் வெளியே வந்து எண்ணைத் தேடியது. ஒன்றின் மேல் நின்றது, ஏழின் மேல் நின்றது.

"எத்தினி வருசமா உங்க மேஜையில இருந்துச்சு?"

"பதினாலு வருசம்."

"பேப்பர் எதுவும் பறக்காம இருந்துச்சா சார்?"

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. குழாயைத் தன் ஸ்டூலுக்கு அடியில் வைத்துக்கொண்டு, அடுத்த வண்டியை நோக்கிக் கையை நீட்டினார். மன்னித்ததாக அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

என் மேஜையில் இப்போது அது நின்ற இடத்தில் ஒரு துரு வட்டம் மட்டும் இருக்கிறது. பிட்டர் சொல்லி இன்னும் இரண்டு பேர் தங்கள் ஒப்பந்தங்களைக் கொண்டுவந்தார்கள். விசிறிக் காற்றில் தாள்கள் எழும்பின. வேறு கனம் எதுவும் தேடவில்லை. இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வேலையின் பெயர் இருக்கும் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.