எட்டு அன்ரனா

அந்த ரவுட்டரை நான் வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கவே கூடாது. நல்லூரில் கேம் விளையாடும் நிலையம் ஒன்று திறக்க இருந்த நண்பன், வாங்கலாமா என்று இரண்டு நாள் சோதித்துப் பார்க்கச் சொல்லித் தந்தது. கறுப்புப் பெட்டி, சுற்றிவர எட்டு அன்ரனா, நடுவில் சிவப்பு வெளிச்சம். அதைக் கண்டதும் அம்மாவின் முகம் செத்துப்போனது. சண்டைக் காலத்தில் ஆமி அண்ணையைப் பிடித்துக்கொண்டு போன அன்று எங்கள் வீட்டில் அகப்பட்டது பழுதான ஒரு ரேடியோ மட்டும்தான். அவர் திரும்பி வரவேயில்லை. அன்ரனா உள்ள எதைக் கண்டாலும், மிச்சமிருக்கிற என்னையும் கொண்டுபோய்விடுவார்கள் என்று அம்மாவுக்குப் பயம்.

காலம் மாறிவிட்டது, விசர்க் கதை கதைக்க வேண்டாம் என்று சத்தம் போட்டேன். உரும்பிராயில் எங்கள் வீட்டுச் சுவரெல்லாம் தடித்த சுண்ணாம்புக் கல். சிக்னல் எத்தனை சுவர் தாண்டுகிறது என்று ஃபோனோடு வளவு முழுக்க நடந்து, வீட்டைப் படமாகக் கீறி, இடத்துக்கு இடம் எண் எழுதினேன். கேமில் நான் சுட்டது எதிராளிக்குப் போய்ச் சேரும் நேரம் பழைய ரவுட்டரில் இருந்ததில் பாதிகூட இல்லை. அருமையான சாமான். அம்மா கதவடியில் நின்று அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் நாள் காலை ஹெட்செற்றை மாட்டிக்கொண்டு விளையாடினேன். "பின்பக்கத்தாலை ரெண்டு பேர் வாறாங்கள், விடாதை, சுடு" என்று கூட்டாளிக்குக் கத்தியதும் கேம் அப்படியே நின்றது. இவ்வளவுதானா உன்ரை கெட்டித்தனம் என்று ரவுட்டரைத் திட்டிக்கொண்டு திரும்பினால், அதையே காணவில்லை. வயர் வெட்டுப்பட்டுக் கிடந்தது. நான் கீறிய படமும் இல்லை. அடுப்படியிலிருந்து கடதாசி எரிந்த மணம் வந்தது.

வாசல் படலையில் இரண்டு பொலிஸ்காரர், கூடவே ஒரு சுகாதாரப் பரிசோதகர். டெங்குக்காக வீடு வீடாகப் பார்க்கிறார்களாம். அது எனக்கு நன்றாக விளங்கியது. ஆனாலும் ஃபோனை எடுத்துச் சட்டைக்குள் ஒளித்தேன். அம்மாவுக்கு நான் சொன்ன புத்தியெல்லாம் எங்கே போனதோ, கடவுளுக்குத்தான் தெரியும்.

பரிசோதகர் நேரே கிணற்றடித் தொட்டிக்குப் போய், நுளம்புப் புழு இருக்கிறதா என்று டோர்ச் அடித்தார். அரைச் சாண் ஆழத் தண்ணீருக்கு மேலே எட்டு அன்ரனாவும் நீட்டிக்கொண்டு நின்றன. இது என்ன என்று கேட்டார். இன்ரநெற் பெட்டி என்று சொன்னால் முடிந்தது. நானோ ஓரடி பின்னுக்குப் போனேன். பொலிஸ்காரர் இருவரும் எட்டிப் பார்க்கக் கிட்ட வந்தார்கள்.

அம்மா எனக்கும் அவர்களுக்கும் நடுவில் வந்து நின்றார்.

"அது என்ரை சாமான், ஐயா. இவனுக்கு ஒண்டும் தெரியாது. கொண்டு போறதெண்டால் என்னைக் கொண்டு போங்கோ, நான் செருப்புப் போட்டுக்கொண்டுதான் நிக்கிறன்."