இரண்டாம் சரணத்துக்கு நேரமில்லை

ஒரு பெண்ணின் கன்னத்தில் அறை விழுகிறது. முன்னாலிருந்து ஒருமுறை காட்டுகிறார்கள், பக்கத்திலிருந்து ஒருமுறை, பிறகு மேலிருந்து. அதன்பின் வீட்டில் உள்ள அத்தனை பேரின் முகமும் வரிசையாக வருகிறது, சமையலறை வாசலில் நிற்கும் வேலைக்காரம்மாவின் முகம் உட்பட. மாமியார் எதற்கு அறைந்தாள் என்று சொல்வதற்குள் 'தொடரும்' போட்டுவிடுகிறார்கள். மறுநாள் அதே அறையிலிருந்து ஆரம்பம். இதைத்தான் நான் வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

"டிவியா, அதெல்லாம் நான் பார்க்கிறதே இல்லை" என்று மூக்கை உயர்த்திப் பேசும் ஆள் இல்லை நான். பார்ப்பேன். எல்லாவற்றையும் பார்ப்பேன். லிட்டில் இந்தியாவில் ஒரு புடவைக் கடையில் நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவள், சூலியா தெருவுக்குப் பின்னால் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் தனியாக இருக்கிறவள். படியேறி வந்து, காலை நீட்டி, ரிமோட்டைக் கையில் எடுத்தால்தான் வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கும். சுவரில் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு டிவி மாட்டியிருக்கிறேன். நகை வாங்க வைத்திருந்த பணத்தில் வாங்கியது. ஆகவே திட்டுவதற்கு எனக்கு முழு உரிமை உண்டு.

சீரியல் மாமியார்கள் கல்யாணப் பட்டோடு படுத்து, கல்யாணப் பட்டோடு எழுந்திருக்கிறார்கள். புடவை விற்கிறவள் சொல்கிறேன், அந்தச் சரிகையோடு ஒரு மணி நேரம் படுத்துப் பாருங்கள், இடுப்பெல்லாம் அறுத்துவிடும். பாயசம் என்று ஒன்று வைத்தால் அதில் விஷம் இருக்கிறது. இங்கே நம் ஊரில் எடுக்கிற நாடகங்கள் இதற்கு மேல். அதில் தமிழன் என்றால் ஒன்று குண்டர் கும்பலில் இருப்பான், இல்லாவிட்டால் அவனைத் திருத்த வந்த வாத்தியாராக இருப்பான். தொழிற்சாலையில் ஷிப்டு பார்க்கிறவன், பஸ் ஓட்டுகிறவன், மாதக் கடைசியில் மனைவியோடு பாசாருக்குப் போய் மீன் விலையைப் பார்த்துத் திரும்புகிறவன், அப்படி ஒருவனைக்கூட நான் பார்த்ததில்லை. கைப்பேசியில் வரும் தொடர்களைக் கேட்கவே வேண்டாம். மண்டையைப் பிளப்பதை அவ்வளவு பக்கத்தில் காட்டுகிறார்கள், சோற்றுத் தட்டோடு உட்கார முடியவில்லை. போன வாரம் மீன் குழம்பை அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

இதையெல்லாம்கூட மன்னித்துவிடலாம். பாட்டுப் போட்டிகளைத்தான் மன்னிக்க முடியாது. ஒரு பிள்ளை பாட வந்து நிற்கும். பாடுவதற்கு முன்பே ஒரு நடுவர் கண்ணைத் துடைத்துக்கொள்வார். வீட்டுக் கஷ்டத்தைக் கேட்பார்கள். பின்னால் வயலின் அழ ஆரம்பிக்கும். பிள்ளை அழும், நடுவர் அழுவார், தொகுப்பாளினி மஸ்காரா கலையாமல் அழுவாள். அப்புறம் ஒரு பல்லவி. பாட்டு நிகழ்ச்சியில் பாட்டுதான் இடைவேளை. இவ்வளவும் தெரிந்த எனக்கே, என் தம்பி மகள் அப்படி ஒரு போட்டிக்குத் தேர்வானபோது தலைகால் புரியவில்லை. கடைக்கு வந்தவர்களிடம் எல்லாம் சொன்னேன்.

தம்பி அக்கரையில், சிம்பாங் அம்பாட்டில் இருக்கிறான். தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறான். சனிக்கிழமைதோறும் மகளை மோட்டார் சைக்கிளில் வைத்துப் பாலத்தைத் தாண்டி இங்கே தீவுக்குப் பாட்டு வகுப்புக்குக் கூட்டி வருவான். அவள் உள்ளே பாட, இவன் வெளியே மோட்டாரில் சாய்ந்து நின்று கேட்பான். மழை வந்தால் மட்டும் கடைகளுக்கு முன்னால் உள்ள ஐந்தடி நடைபாதைக்கு ஒதுங்குவான். போன வருடம் பஸ் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாலையோரம் நிறுத்தினான். ஆபரேஷன் நடந்தது, தேறினான், மறுபடியும் ஓட்டுகிறான்.

போட்டிக்கு அவள் எடுத்துக்கொண்டது முருகன்மேல் ஒரு பழைய பாட்டு. இரண்டாம் சரணத்தில் குரல் ஒரேயடியாக மேலே போய், அங்கேயே நின்று, பிறகு அவசரப்படாமல் இறங்கி வர வேண்டும். அந்த இடம் கைவருவதற்குள் பிள்ளைக்கு எத்தனையோ சனிக்கிழமைகள் போயின. தம்பிக்கு ராகம் தாளம் ஒன்றும் தெரியாது. அந்த இடம் மட்டும் தெரியும். "டிவில அந்த எடம் வர்றப்ப பாருக்கா, ஊரே வாயத் தொறந்து நிக்கப் போவுது" என்று பார்க்கும்போதெல்லாம் சொல்வான்.

முதல் சுற்றுக்கு முன்னால் குடும்பத்தைப் படம் பிடிக்க டிவி நிலையத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். தம்பி வீட்டைப் பார்த்ததும் அவர்களுக்கு முகம் சுருங்கிவிட்டது. டைல்ஸ் போட்ட தரை, வாசலில் ஒரு பழைய கார், வெள்ளையடித்த சுவர். பத்து வருடம் ஓவர்டைம் பார்த்து அவன் கட்டியெழுப்பியது. "ரொம்ப வசதியா தெரியுது அங்கிள். சொந்தக்காரங்க வீடு பழசா ஏதும் இருக்கா?" என்று கேட்டார்களாம். அப்படித்தான் என் மாடிக்கு வந்து சேர்ந்தார்கள். தம்பிக்கு அன்று பிற்பகல் ஷிப்டு. அவன் மனைவி கேமராவைக் கண்டாலே ஓடுகிறவள். அத்தைக்காரி நானும் பிள்ளையும்தான் இருந்தோம்.

வந்தவர்களுக்குத் தலைவன் ஒரு இளைஞன். நெற்றியில் திருநீறு, காதில் ஒரு கருவி, வாயில் நிமிடத்துக்கு ஒரு 'சூப்பர்'. என் உரிந்த சுவரைப் பார்த்துச் சொன்னான், மரப்படியைப் பார்த்துச் சொன்னான். டிவியைப் பார்த்ததும் நின்றான்.

"ஆண்ட்டி, இந்த டிவிய மறைச்சிடலாமா? ஷாட்ல ரொம்ப கிராண்டா தெரியுது."

"டிவில வர்றதுக்கு டிவிய மறைக்கணுமாப்பா?"

"கஷ்டப்பட்ட குடும்பம்னு காட்டணும்லா ஆண்ட்டி. இவ்ளோ பெரிய டிவி இருந்தா யாரு நம்புவா?"

என் பெட்ஷீட்டையே கேட்டு வாங்கி அதன்மேல் தொங்கவிட்டார்கள். கீழே அலமாரிமேல் தம்பியின் படத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். கம்பெனி விருந்தில் கோட்டு போட்டு விறைப்பாக நின்று எடுத்த படம். பிள்ளையின் அப்பா படம் இருந்தால் நன்றாக இருக்கும் என்றார்கள், நானும் நல்லதுதானே என்று விட்டுவிட்டேன்.

பிள்ளையை உட்காரவைத்துக் கேள்வி கேட்டார்கள். அப்பா நெஞ்சைப் பிடித்த அன்று என்ன நடந்தது என்று கேட்டார்கள். அவள் சொன்னாள். பள்ளியிலிருந்து கூட்டிப் போனது, ஆஸ்பத்திரி வராண்டா எல்லாம் சொல்லி அழுதாள். பிறகு தானே கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்ப நல்லா இருக்காரு. கொழம்புல உப்பக் கொறச்சிட்டாங்கன்னு அம்மாகூட டெய்லி சண்ட" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்த இளைஞன் மட்டும் சிரிக்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்தான்.

அவர்களுக்குத் தேநீர் கலக்க உள்ளே போனேன். தட்டோடு திரும்பி வந்து பார்த்தால், பிள்ளையின் தலைக்கு நான் வாங்கி வைத்திருந்த மல்லிகைச் சரம் தம்பியின் படத்தில் மாலையாகத் தொங்குகிறது. சாமி மேடையில் இருந்த என் காமாட்சி விளக்கு அதன் முன்னால் எரிகிறது. கேமரா மெதுவாகப் படத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. தட்டை வைத்த வேகத்தில் தேநீர் சிந்தியது. "டேய், உசுரோட இருக்கற மனுசன் படத்துக்கு யாருடா பூப் போட்டது?" என்று கத்தினேன். அவன் ஓடிவந்து எடுத்தான். "சாரிலா ஆண்ட்டி, சும்மா கலருக்குத்தான். இது வராது, நா கட் பண்ணிடுவேன்." வேறு இனத்துப் பையனாக இருந்தால் தெரியாமல் செய்தான் என்று விடலாம். திருநீறு பூசிய தமிழ்ப் பிள்ளை. பூப் போட்ட படத்துக்கும் போடாத படத்துக்கும் என்ன வித்தியாசம் என்று இவனுக்கு நான் சொல்லித்தர வேண்டுமா? அந்தச் சரத்தைப் பிள்ளைக்கு வைக்க மனம் வரவில்லை. கொண்டுபோய்க் குப்பையில் போட்டேன்.

ஒளிபரப்பான மாலை எல்லோரும் தம்பி வீட்டில் உட்கார்ந்திருந்தோம். முதலில் என் உரிந்த சுவர் வந்தது. பிறகு என் பெட்ஷீட். பிறகு பிள்ளை அழுதாள், ஆஸ்பத்திரி வராண்டாவைச் சொன்னாள். உப்பும் இல்லை, சண்டையும் இல்லை, சிரிப்பும் இல்லை. அங்கிருந்து நேரே மல்லிகை மாலையோடு தம்பியின் படம், விளக்கு, வயலின். நடுவர் ஒருவர் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். பிள்ளை பாட வந்தாள். பல்லவி பாடினாள், முதல் சரணம் பாடினாள். இரண்டாம் சரணத்துக்கு அவள் மூச்சை இழுத்தபோது சமையல் எண்ணெய் விளம்பரம் வந்துவிட்டது. திரும்பி வந்தபோது எல்லோரும் எழுந்து நின்று கை தட்டிக்கொண்டிருந்தார்கள்.

பிள்ளை இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். தம்பி மனைவி தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே போனாள். உப்பும் மிளகாயுமாக வந்து கணவனைச் சுற்றிக் கொண்டுபோய் அடுப்பில் போட்டாள். தம்பி மட்டும் ஆடாமல் அசையாமல் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தான். அதற்குள் கைப்பேசிகள் அலற ஆரம்பித்தன.

மறுநாள் காலை பஸ்ஸில் ஏற வந்த ஒரு தமிழ்ப் பெண், ஓட்டுநர் இருக்கையில் தம்பியைப் பார்த்துவிட்டு, கீழேயே நின்று அலறினாளாம். என் வீட்டுக்குக் கோயிலில் பழக்கமான ஓர் அக்கா வந்தார். எதிரில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"டிவில பாத்தேன்லா. மனசே சரியில்ல."

"அக்கா, தம்பி நல்லாத்தான் இருக்கான். இன்னிக்கிக்கூட வேலைக்குப் போயிருக்கான்."

அவர் என் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தார். "அப்பிடித்தாம்மா இருக்கும். எங்க வீட்டுக்காரர் போனப்ப நானும் வேலைக்குத்தான் போயிருக்காருன்னு சொல்லிட்டு இருந்தேன். போவப்போவ சரியாயிரும்."

தம்பியைக் கைப்பேசியில் கூப்பிட்டு முகத்தைக் காட்டலாம் என்று நினைப்பதற்குள் எழுந்துவிட்டார். தேநீர் குடிக்கவில்லை. போய்வருகிறேன் என்று சொல்லாமல், திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினார். துக்க வீட்டிலிருந்து அப்படித்தான் போவோம். என் வீட்டிலிருந்து ஒருவர் அப்படி இறங்கிப் போவதைப் படி முனையில் நின்று பார்த்தேன். நான் சொல்வதை நம்பாமல் நான் கும்பிடும் அந்தப் பெட்டியை நம்பிவிட்டுப் போகிறார். பார்க்கப்போனால் மற்ற பிள்ளைகளின் அப்பா படங்களைப் பார்த்து நானும் இதே சோபாவில்தானே மூக்கைச் சிந்தினேன். அவர்களில் எத்தனை அப்பாக்கள் அப்போது பக்கத்து அறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்களோ.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். பிள்ளைக்குத்தான் அதிக ஓட்டு விழுந்திருந்தது. அவள் அதைச் சொல்லும்போது நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பாட்டுக்கு விழுந்ததா அத்தே?" என்று கேட்டாள். அப்போதுதான் நிலையத்திலிருந்து அதே இளைஞன் அழைத்தான். தம்பி எல்லோரும் கேட்கும்படி கைப்பேசியை மேசைமேல் வைத்தான். நான் முந்திக்கொண்டு, வாயில் வந்தபடி திட்டினேன். அவன் ஒரு சொல்லுக்கும் அசரவில்லை.

"ஆண்ட்டி, கோவப்படாதீங்க, அதுக்குத்தான் கூப்ட்டேன். அடுத்த வாரம் அங்கிள ஸ்டேஜுக்குக் கொண்டு வர்றோம். பாப்பா அழுதுட்டு நிப்பாங்க, லைட் ஆஃப் ஆவும், பின்னால கதவு தொறக்கும், அங்கிள் நடந்து வருவாரு. மக்கள் பைத்தியமாயிருவாங்கலா! எல்லாக் கொழப்பமும் தீந்துரும்."

கொன்றவனே உயிர்ப்பிக்கவும் தேதி குறித்துவிட்டான். தம்பி கைப்பேசியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். கோபப்படுவான் என்று நினைத்தேன். குரலை உயர்த்தவே இல்லை.

"தம்பி, நீ என்னச் சாவடிச்சத நா ஒண்ணும் சொல்லல. வரச் சொல்றியா, வர்றேன். கதவத் தொறந்து நடந்து வரச் சொல்றியா, வர்றேன். அவ பாட்ட முழுசாப் போடுவியா?"

"முழுப் பாட்டா? அதுக்கு டைம் எங்க இருக்கு அங்கிள்? உங்க என்ட்ரியே பெரிசு. ஒரு பல்லவி கண்டிப்பா வரும்லா."

பிள்ளை எழுந்து வந்து, அப்பாவின் முன்னால் இருந்த கைப்பேசியை எடுத்து, "அண்ணே, நா வரல" என்று சொல்லி அணைத்தாள். யாரையும் கேட்கவில்லை. தம்பியும் ஏன் என்று கேட்கவில்லை. "அந்த எடம் வர்றப்பதானே நிறுத்திட்டான்" என்று மட்டும் சொன்னான், மேசையைப் பார்த்துக்கொண்டே. ஆபரேஷன் அன்றுகூட அவன் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை.

பிள்ளை தரையில் உட்கார்ந்தாள். பல்லவி பாடவில்லை, முதல் சரணம் பாடவில்லை. அவர்கள் வெட்டிய இடத்தில் மூச்சை இழுத்து, அங்கிருந்து ஆரம்பித்தாள்.