திருப்பினேன், திரும்பவில்லை

அம்மாவின் தையல் மிஷின் மேசை விளிம்பில், கணினியில் கார் விளையாட்டு ஆடுவதற்கான ஸ்டியரிங்கைத் திருகி மாட்டியிருந்தேன். கீழே தரையில் பெடல்கள். மிதிக்கும்போது அவை நகர்ந்துவிடாமலிருக்க, அவற்றுக்கும் சுவருக்கும் நடுவே ஓர் அரிசி மூட்டை. சென்னைக் கம்பெனி வேலையைக் குடவாசல் வீட்டிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. கார் பந்தய விளையாட்டில் எனக்குப் பைத்தியம். அதிலும், தவறு செய்தால் கொஞ்சமும் மன்னிக்காத விளையாட்டுகள்தான் பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஒரே வளைவில் சுழன்று விழுந்துகொண்டிருப்பேன். "வேலையிலதான் கஷ்டம்னா, விளையாட்டுலயும் போயி எதுக்குடா கஷ்டப்படுற?" என்று அம்மா கேட்பாள். நான் மறுபடி அதே வளைவுக்குப் போவேன்.

அக்கா கால்நடை மருத்துவர். சுற்றுப்பட்டு ஊர்களில் எந்த மாட்டுக்கு என்ன என்றாலும் அப்பாவின் பழைய காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். ஒரு அறுவடைக் காலத்தில், சாலையில் போரடித்த வைக்கோல் பரந்து கிடந்தபோது, எதிர்பாராமல் மழை பிடித்துக்கொண்டது. வளைவில் குறுக்கே ஆடு ஒன்று வர, அக்கா பிரேக்கை அழுத்தினாள். கார் நேராகப் போய் வாய்க்காலில் இறங்கியது. முழங்கால் அளவு தண்ணீர்தான். முழங்கையில் ஒரு சிராய்ப்போடு அவளே கதவைத் திறந்து ஏறி வந்தாள்.

அதன் பிறகு அவள் சாவியைத் தொடவில்லை. பயம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் ஊர்ப் பேச்சு. "பதட்டத்துல ஸ்டியரிங்க திருப்பவே இல்ல போலருக்கு" என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். அப்பாவும் அதையே நம்பினார். "நான் திருப்புனேன்ப்பா. அது திரும்பல" என்று அக்கா முதலில் வாதாடினாள். நாளாக ஆக அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "ஒருவேளை நான் திருப்பலையோ என்னவோ" என்றாள். எப்போதும் அடித்துப் பேசுகிறவள் அப்படிச் சொன்னது எனக்கு என்னவோ போலிருந்தது. அதற்குள் மருத்துவமனை உதவியாளரின் பைக்கில் தொற்றிக்கொண்டு போவதும், தூரத்து ஊர் என்றால் வேறொருவரை அனுப்புவதும் அவளுக்குப் பழகியிருந்தது.

ஒரு விடுமுறை நாளில் அவளாகவே வந்து ஸ்டியரிங் முன்னால் என் நாற்காலியில் உட்கார்ந்தாள். சிரமப்பட வேண்டாமே என்று கார் வழுக்காமல் விளையாட்டே பார்த்துக்கொள்ளும் எல்லா உதவிகளையும் போட்டு, எளிய நிலையில் வைத்துக் கொடுத்தேன். மழைச் சாலையில் வேகமாகப் போய் வளைவில் பிரேக்கை முழுசாக மிதித்தாள். கார் சாதுவாகத் திரும்பிக்கொண்டது.

"என்னடா இது, எப்படி ஓட்டுனாலும் விழ மாட்டேங்குது?"

"ஈஸியா வச்சிருக்கேன்க்கா."

"ஈஸி வேணாம். நம்ம கார் மாதிரி வைடா."

பிரேக்கை மிதிக்கும்போது சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் ஏ.பி.எஸ். அப்பாவின் காரில் கிடையாது. விளையாட்டிலும் அதை அணைத்தேன். மற்ற உதவிகளையும் எடுத்துவிட்டேன். அக்கா மறுபடி அதே வளைவுக்கு வந்தாள். பிரேக்கை ஓங்கி மிதித்தாள். ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தாள். கார் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. நேராகப் போய்த் தடுப்பில் மோதியது.

அக்கா திரையில் மோதி நின்ற காரைப் பார்த்தாள். பிறகு, "இதேதான்" என்றாள். சமையலறைக்குக் கேட்கும்படி கத்தினாள்: "அம்மா! இங்க வந்து பாரு! நான் திருப்பிருக்கேன்!"

அப்பாவையும் அழைத்து உட்கார வைத்தாள். அவரும் திருப்பினார், அவருக்கும் திரும்பவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "ஆமா, நேராத்தான் போவுது" என்றார். அவ்வளவுதான். அக்காவுக்கு அது போதுமாக இருந்தது.

பிறகு மாலைகளில் அந்த நாற்காலி எனக்குக் கிடைக்கவில்லை. சக்கரம் பூட்டிக்கொண்டால் ஸ்டியரிங் கையில் கனமிழந்து போகும்; பிரேக்கிலிருந்து காலைச் சற்றே தளர்த்தினால் கனம் திரும்பி வரும், காரும் சொன்ன பேச்சைக் கேட்கும். அந்த ஒரு விஷயத்தைப் பிடிக்க அவள் எத்தனையோ முறை மோதினாள். நிஜமும் கடினமும் ஒன்றல்ல என்று அவளைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். நிஜக் காரில் இருக்கை உடம்புக்குச் சொல்லிவிடுவதை, அசையாத நாற்காலியில் கையையும் காதையும் வைத்தே கண்டுபிடிக்க வேண்டும். அந்த வகையில் விளையாட்டு வாழ்க்கையைவிடக் கடினம். ஆனால் வாய்க்காலோ ஆடோ இல்லாத அந்தத் திரையின் முன்னும் அவளுக்கு உள்ளங்கை வியர்த்தது. சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு மறுபடி தொடங்குவாள். அம்மா கேட்ட கேள்விக்கான பதில் என் கண்முன்னே உட்கார்ந்திருந்தது. சுலபமான விளையாட்டு அவளை மகிழ்வித்திருக்கும். ஆனால் அவள் சொன்னது உண்மை என்று அதனால் காட்டியிருக்க முடியாது.

அந்த ஐப்பசியில் ஒரு மதியம் போன் வந்தது. கன்று போட முடியாமல் ஒரு பசு தவிக்கிறது என்றார்கள். உதவியாளர் விடுப்பில் இருந்தார். மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. அக்கா கையுறைகளைப் பையில் திணித்துக்கொண்டு, ஆணியில் தொங்கிய சாவியை எடுத்தாள். "நீயும் வா. ஆனா பேசாம வா" என்றாள்.

டிராக்டர்கள் இழுத்துப் போட்ட சேறு சாலை முழுக்க இருந்தது. ஆட்டோ ஒன்று எங்களை முந்திச் சென்றது. பிறகு ஒரு மொபெட்டும். அக்கா சட்டை செய்யவில்லை. ஓரிடத்தில் நடுவழியில் நாய் எழுந்து நிற்க, பிரேக் போட்டதும் கார் வழுக்கத் தொடங்கியது. அவள் கால் தளர்வதைப் பார்த்தேன். கார் மெல்ல நாயைச் சுற்றிக்கொண்டு போனது. அவள் கியரை மாற்றினாள். அவள் சொல்லியிருந்தபடி நான் பேசாமல் வந்தேன்.

"வாங்க டாக்டரம்மா, நல்ல நேரத்துல வந்தீங்க" என்று பசுவுக்குச் சொந்தக்காரர் குடையோடு ஓடிவந்தார். கன்றின் கால் மடங்கிக் கிடந்தது. தோள்வரை கையை விட்டு அக்கா அதை நேராக்கி இழுத்தெடுத்தாள். கிடேரிக் கன்று. தாய் அதை நக்கத் தொடங்கியதும் எல்லோருக்கும் தேநீர் வந்தது.

திரும்பும் வழியில் மழை வலுத்தது. வைப்பர் ஒரே தாளத்தில் ஆடிக்கொண்டிருந்தது வரைக்கும்தான் எனக்கு நினைவு. வாசலில் கார் நின்றபோது அம்மா கவலையோடு ஜன்னல் பக்கம் குனிந்து, "எப்படிடா ஓட்டுனா?" என்று என்னிடம் கேட்டாள். நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு விழித்தேன்.

எனக்கு முன்னால் அக்கா பதில் சொன்னாள், முகமெல்லாம் சிரிப்பாக: "அவன்ட்ட எதுக்கும்மா கேக்குற? அவன் பாதி வழியிலயே தூங்கிட்டான்."